சிகரத்தில் இறங்குமுன்

தமிழில் பனி என்னும் ஒரே சொல்லால் நாம் பல பொருள்களைக் குறிக்கிறோம். மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பதும் பனி. உதகையில் குளிர்கால இரவில் தரையெங்கும் வெள்ளையாய்ப் படர்வதும் பனி. ஆல்ப்ஸ் மலையில் பஞ்சைப் போல வானினின்று உதிர்ந்து, ஆள் உயரத்துக்கு மேலும் குவிந்துவிடுவதும் பனியே. இன்று நான் பேசப்போவது இறுதியில் சொன்னதைப் பற்றி. குழப்பம் நேராதிருக்க அதை வெண்பனி என்று வைத்துக்கொள்வோம். அந்த வெண்பனியின்மேல், இரு கால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்குவதே பனிச்சறுக்கு. ஐரோப்பாவின் மலைநாட்டுப் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் அடுத்துக் கற்பது இதுதான்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பனிச்சறுக்குப் பலகையில் கால் வைத்தவன் அல்லன். எனினும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஜூரிச் நகரில் பொறியாளராக இருக்கிறார். ஆறு குளிர்காலங்களாகப் பனிச்சறுக்குப் பழகியவர். ஒரு நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது: “ஐயா, வரும் மாசியில் ஹெலிகாப்டரில் ஏறிச் சிகரத்தில் இறங்கி, அங்கிருந்து சறுக்கி வரத் திட்டமிட்டிருக்கிறோம். நண்பர்கள் மூவர் உடன் வருகிறார்கள்.” அதே உறையில் அவர் மனைவியார் எழுதிய சிறு தாளும் இருந்தது. “நீங்கள் சொன்னால் கேட்பார். போக வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள்” என்பதே அதன் செய்தி. அந்த அம்மையாரின் அச்சம் வீண் அச்சம் அன்று. 2019ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், இத்தாலியின் அயோஸ்தாப் பள்ளத்தாக்கில் ரூட்டோர் பனியாற்றுக்கு மேலே, பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டரும் ஒரு சிறு விமானமும் மோதிக்கொண்டன. எழுவர் மாண்டனர், இருவரே பிழைத்தனர். என் மாணவர் போக எண்ணியதும் அதே பள்ளத்தாக்குக்குத்தான்.

வேண்டாம் என்று எழுத என் மனம் இடந்தரவில்லை. நாற்பது வயது கடந்தவரை வகுப்பறைப் பிள்ளையைப் போல நிறுத்திவைக்க முடியுமா? ஆயினும், போ என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. எனவே அந்த ஆண்டு மாசியில் நானே அங்குச் சென்று மூன்று வாரம் தங்கினேன். இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன், தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தேன். கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன்.

மலையில் விமானம் இறங்குவது ஆல்ப்ஸுக்குப் புதிதன்று. ஹெர்மன் கைகர் என்ற சுவிஸ் விமானி 1952இல், சக்கரத்தோடு சறுக்குக் கட்டையும் பூட்டிய சிறு விமானத்தைப் பனியாறுகளின்மேல் இறக்கிக் காட்டினார். மேட்டை நோக்கி இறங்கினால் சரிவே வேகத்தைத் தடுக்கும். பள்ளத்தை நோக்கிப் புறப்பட்டால் சரிவே வேகத்தைத் தரும். எவ்வளவு எளிய கணக்கு! விபத்தில் சிக்கியவர்களை மீட்கவே அந்தக் கலை பெரிதும் பயன்பட்டது. பொழுதுபோக்குக்காக ஹெலிகாப்டரில் மலையேறும் தொழில் 1965இல் கனடாவின் பகபூ மலைகளில் பிறந்தது. அதைத் தொடங்கிய ஹன்ஸ் க்மோசர் ஆஸ்திரியாவில் பிறந்த மலைவழிகாட்டி. ஆக, ஐரோப்பிய வழிகாட்டியின் மூளையில் உதித்த தொழில் அமெரிக்கக் கண்டத்தில் வளர்ந்து, பின்னர் ஐரோப்பாவிலும் பரவியது.

ஹெலிகாப்டர் வருமுன், சிகரத்திலிருந்து சறுக்க விரும்புவோர் விடியுமுன் எழுந்து, பலகையின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் மேலேறிச் செல்வார்கள். இன்றும் அவ்வாறு செல்வோர் மிகப் பலர். அந்த ஏற்றம் வெறும் உழைப்பன்று. அது ஒரு பாடம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, எந்த மடிப்பில் வெண்பனியைக் குவித்தது, காலின் கீழ் எங்கே கெட்டியாக இருக்கிறது, எங்கே உள்ளீடற்ற ஓசை எழுகிறது என்பதையெல்லாம் ஏறுபவன் அடிக்கு அடி படித்துக்கொண்டே போகிறான். இறங்கும்போது அவன் படித்த புத்தகத்தின்மேல் இறங்குகிறான். ஹெலிகாப்டரோ சில நிமிடங்களில் உச்சியில் விட்டுவிடுகிறது. ஏற்றத்தின் களைப்பு போனது சரி. ஏற்றத்தின் படிப்பும் உடன் போய்விட்டதே! முதல் பயணத்தைத் திட்டமிடுவது என்றால், இப்படி இழந்த படிப்பை வேறு எந்த வழியில் ஈடுசெய்வது என்று திட்டமிடுவதுதான். நாளும் இடமும் கட்டணமும் அதற்குப் பின்னர் வருபவை.

எங்கே செல்வது என்பதைச் சட்டமே பாதி முடிவு செய்துவிடுகிறது. பிரான்சில் 1985ஆம் ஆண்டு மலைச் சட்டம், பொழுதுபோக்குக்காக மலையில் ஆட்களை விமானத்தால் இறக்குவதைத் தடுத்துவிட்டது. ஆதலால் ஷாமொனியில் தங்குவோர் மோன் பிளாங் சுரங்கப்பாதை வழியே எல்லை கடந்து இத்தாலிக்குப் போய்ப் பறக்கிறார்கள். ஜெர்மனியிலும் இது இல்லை. ஆஸ்திரியாவில் நெடுங்காலமாகவே இது ஆர்ல்பெர்க்கில் லெக் என்னும் ஊரை ஒட்டிய சிறு வட்டாரத்தைத் தாண்டியதில்லை. சுவிட்சர்லாந்து நடுவழியில் நிற்கிறது. அரசு குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டுமே இறங்கலாம். 2014 முதல் அவை 40க்கு மேல் இருக்கக்கூடாது என்பது வரையறை. அவற்றுள் உயரமானதும் புகழ்பெற்றதும் மோன்தே ரோசா மலைமேல் ஏறத்தாழ 4,200 மீட்டரில் உள்ள இடமாகும். அங்கிருந்து பனியாற்றின் வழியாக ஸெர்மாட் ஊர்ப்பக்கம் இறங்கி வருகிறார்கள். இத்தாலியில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். போல்சானோ மாகாணம் தடுத்திருக்கிறது. அயோஸ்தாப் பகுதி அனுமதிக்கிறது. வால்கிரிஸான்ஷ், லா துயில், கூர்மாயர் முதலிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. வடக்கே சுவீடனின் லாப்லாந்துப் பகுதியும், ஐஸ்லாந்தின் டிரோல்லாஸ்காகி தீபகற்பமும் உள்ளன. ஐஸ்லாந்தில் வசந்த காலத்தில் மலையுச்சியில் தொடங்கிக் கடற்கரை வரையிலும் சறுக்கி வந்துவிடலாமாம். கேட்பதற்கே இனிமையாக இருந்தது.

ஆயினும் முதல் பயணத்துக்கு ஆல்ப்ஸே தக்கது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் அழகு அன்று, மாற்று வழி. மேகம் தாழ்ந்தாலோ காற்று மிகுந்தாலோ ஹெலிகாப்டர் புறப்படாது. வெள்ளைத் தரையும் வெள்ளை வானும் ஒன்றாய்க் கலந்துவிட்டால், தரை எவ்வளவு அருகில் இருக்கிறதென்று விமானிக்கே தெரியாது. இப்படி இரண்டு மூன்று நாள் வீணாவது சாதாரணம். ஆல்ப்ஸ் ஊர்களில் அன்றைய பொழுதைக் கம்பிவட ஊர்தியில் ஏறிச் செப்பனிட்ட தடங்களில் சறுக்கிக் கழிக்கலாம். மேலும், கனடாவில் ஒரு வாரத்துக்கென மொத்தமாகப் பணம் கட்டி மலை விடுதியில் தங்குவது வழக்கமாக இருக்க, ஆல்ப்ஸில் ஒரு நாளுக்கோ ஓர் இறக்கத்துக்கோ தனியாக ஏற்பாடு செய்துகொள்ள முடியும். ஒரு நாள் பறப்பதற்கு நான்கு நாளாவது ஒதுக்கிவைக்க வேண்டும் என்று அங்கே எனக்குச் சொன்னார்கள். நான்கு நாளும் தங்கத் துணிந்தவனுக்குத்தான், இன்று வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனம் இருக்கும். ஞாயிறு இரவு ரயிலுக்குச் சீட்டு எடுத்துவைத்துக்கொண்டு சனிக்கிழமை வருபவனுக்கு அந்த மனம் எப்படி வரும்? என் மாணவர் முதலில் போட்டிருந்த திட்டம் அப்படிப்பட்ட இரண்டு நாள் திட்டந்தான். அதைப் பார்த்ததும் அவர் மனைவியார் பக்கமே நான் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த கேள்வி, நமக்குத் தகுதி இருக்கிறதா என்பது. செப்பனிட்ட தடத்தில் வேகமாக வருவது ஒரு திறமை. மனிதர் கைபடாத வெண்பனியில் வருவது மற்றொரு திறமை. தூள் போன்ற பனியில் பலகை புதையும்; வெயில் பட்டு இறுகிய பனியில் மேலோடு உடைந்து காலை வாரும்; மரநிழலில் ஒன்றும், திறந்தவெளியில் மற்றொன்றுமாக ஒரே இறக்கத்தில் நான்கு வகையும் வரலாம். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகலமான பலகைகள் வந்தபின் இந்தக் கலை பலருக்கும் எளிதாயிற்று. எளிதானதுதான் ஆபத்து என்றும் சொல்லலாம். மிதக்கும் பலகை, சறுக்குபவனின் குறையை மறைத்துவிடுகிறது. ஆகவே ஹெலிகாப்டருக்குப் பணம் கட்டுமுன், ஒரு வழிகாட்டியை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு, தடத்துக்கு வெளியே சறுக்கிப் பார்ப்பது நன்று. நான்கு நண்பர்களில் ஒருவர் அந்த ஒரு நாள் சோதனையில் தாமாகவே விலகிக்கொண்டார். முப்பது முறை விழுந்தேன், இனி இந்த ஆண்டு வேண்டாம் என்றார். அவரிடம் எனக்கு மதிப்பு உயர்ந்தது.

இனிப் பனிச்சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மலைமேல் வெண்பனி ஒரே நாளில் விழுவதன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. ஓர் அடுக்கு இறுகிவிடுகிறது. மற்றொன்று கடுங்குளிரில் சர்க்கரை மணிகள் போல் ஒட்டாமல் உதிர்கிறது. ஒட்டாத அடுக்கின்மேல் காற்று ஒரு கனத்த பாளத்தைக் கொண்டுவந்து படிய வைத்தால், உருளும் மணிகளின்மேல் சாய்வாக வைத்த கல்நார்த் தகட்டைப் போல அது காத்திருக்கும். ஒரு மனிதனின் எடை போதும். பாளம் அறுந்து முழுச் சரிவும் நகரத் தொடங்கும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் இது நேர்கிறது. கேடு என்னவென்றால், சறுக்குவதற்கு இன்பமான சரிவும் அதுவேதான். பனிச்சரிவில் மாண்ட சறுக்குக்காரர்களில் பெரும்பாலோர் தாமோ தம்முடன் வந்தவரோ அறுத்துவிட்ட பாளத்தில் சிக்கியவர்களே.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரே அளவுகோலால் அறிவித்து வருகின்றன. தாவோஸ் நகரத்து ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்குச் சுவிஸ் மலைகளுக்கான அறிக்கையை வெளியிடுகிறது. பிற பகுதிகளுக்கும் இத்தகைய அறிக்கைகள் உண்டு. மூன்றாம் படி என்று அறிக்கை சொன்னால் நம்மவர் என்ன நினைப்பார்? ஐந்துக்கு மூன்று, நடுத்தரம், தேர்ச்சிதான் என்று நினைப்பார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் போட்டுப் பழக்கிவிட்ட பாவம் இது! உண்மையில் மூன்றாம் படி கணிசமான அபாயத்தைக் குறிப்பது. உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி அந்தப் படியில்தான் நிகழ்கின்றன. நான்கும் ஐந்தும் வந்தால் ஊரே வீட்டுக்குள் இருக்கும். மூன்றில்தான் வெயில் அடிக்கும், புதுப்பனி மின்னும், கால் பரபரக்கும்.

புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே பெரிது; மற்றவர் மூச்சு முட்டி இறந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து மீட்புப் படை எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருவது அரிது. ஆகவே காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் ஒருவரே. ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவி ஒன்று உண்டு. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஓயாமல் குறி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தக் குறியைப் பின்பற்றிச் செல்ல வேண்டும். பிறகு மடக்குக் கோலை நீட்டிக் குத்திப் பார்த்து, ஆள் தட்டுப்பட்டதும் சிறு மண்வாரியால் தோண்ட வேண்டும். கருவி, கோல், மண்வாரி மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். சிலர் காற்றுப்பை அடங்கிய முதுகுப்பையும் அணிகிறார்கள். கயிற்றை இழுத்தால் பை உப்பி, ஆளைப் பனியின் மேற்பரப்புக்கு அருகில் வைக்கும். நல்ல துணைதான், ஆனால் மரத்திலோ பாறையிலோ மோதுவதை அது தடுக்காது.

இந்தத் தேடும் பயிற்சியை ஒரு மலையூரில் நானே பார்த்தேன். பயிற்சியாளர் ஒரு பைக்குள் கருவியை வைத்து, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தார். கடிகாரம் என் கையில். என் மாணவரும் நண்பர் இருவரும் தேடினார்கள். ஒருவர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற மறந்ததால் மற்றவரின் கருவி அவரையே காட்டிக்கொண்டிருந்தது. தோண்டும்போது மூவரும் ஒரே குழிக்குள் முட்டிக்கொண்டார்கள். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. பையை வெளியே எடுத்தபோது ஒருவரும் பேசவில்லை. ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளர் சொன்னார். பின்னர்ப் பகல் முழுதும் மீண்டும் மீண்டும் செய்தார்கள். ஒருவர் முன்னே வெட்ட, மற்றவர் பின்னே நின்று வாரித்தள்ள, முன்னிற்பவர் களைத்ததும் இடம் மாற, மாலையில் ஏழு நிமிடத்துக்கு வந்துவிட்டது. நான் ஏற்றம் என்று சொன்ன பாடத்தின் ஒரு பகுதி அன்றைக்கு ஈடாயிற்று.

மற்றொரு பகுதியை ஈடுசெய்பவர் வழிகாட்டி. சர்வதேச மலைவழிகாட்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1965இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் சங்கங்களால் உருவானது. அதன் சின்னத்தை அணிந்தவர், பாறை, பனி, சறுக்கு மூன்றிலும் பல ஆண்டுப் பயிற்சி பெற்றவர். பெரும்பாலும் நால்வருக்கு ஒரு வழிகாட்டி என்பது வழக்கம். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு செங்குத்தான சரிவில் கூட்டிச் செல்வீர் என்று பலர் கேட்கிறார்களாம். சென்ற குளிர்காலத்தில் எத்தனை முறை திரும்பி வந்தீர் என்று கேட்கும்படி நான் என் மாணவருக்குச் சொன்னேன். அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே எண்ணிச் சொன்ன ஒருவரையே அவர் அமர்த்திக்கொண்டார்.

ஹெலிகாப்டரிடம் நடந்துகொள்ளும் முறையைத் தனியே கற்பிக்கிறார்கள். விமானியின் கண்ணுக்குப் படும்படி முன்பக்கமாக, குனிந்து வர வேண்டும். வாலில் சுழலும் சிறு விசிறி கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகவே கூடாது. பலகையைத் தோளில் சார்த்தக் கூடாது. கிடையாகப் பிடிக்க வேண்டும். சரிவில் நிற்கும்போது மேட்டுப் பக்கம் சுழலி தரைக்கு நெருங்கியிருக்கும். ஆகவே மேட்டை நோக்கி இறங்கி ஓடுவது உயிருக்கு உலை. சிகரத்தில் இறங்கியதும் பலகைக் குவியலின் அருகே எல்லோரும் ஒன்றாய் மண்டியிட்டு, ஹெலிகாப்டர் அகலும்வரை தலை தூக்காமல் இருக்க வேண்டும். உடல் எடையைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டர் தூக்கும் சுமை குறைகிறது. ஆடைக்கும் பைக்கும்கூடக் கணக்கு உண்டு. மெலிந்த காற்று மனிதரையும் விடுவதில்லை. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஏறி வந்தவனுக்கு உடல் சிறிது பழகியிருக்கும். பறந்து வந்தவனுக்குப் பலகை பூட்டக் குனிந்தாலே தலை சுற்றலாம். ஓரிரு இரவு மலையூரில் தங்கிவிட்டுப் பறப்பது இதற்காகவும் நல்லது. பனியாற்றில் பிளவுகள் வெண்பனியால் மூடிக் கிடக்கும். ஆகவே இடுப்பில் கயிற்றுவார் கட்டி, வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாமல் வர வேண்டும். ஆடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். காப்பீட்டுப் பத்திரத்தை மட்டும் வரி வரியாகப் படிக்க வேண்டும்; தடத்துக்கு வெளியே நேரும் விபத்தும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்கியுள்ளனவா என்று பார்க்காமல் கையெழுத்திட்டுப் பின்னர் வருந்தியவர்கள் உண்டு.

இதை எதிர்ப்பவர்களின் சொல்லையும் மறைக்கக் கூடாது. குளிர்காலத்தில் மலையாடுகளும் பனிக்கோழிகளும் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு உயிர் தாங்குகின்றன. தலைக்குமேல் இரைச்சல் எழுந்தால் அவை மிரண்டு ஓடுகின்றன. ஓட்டத்துக்குச் செலவான வலிமையை வசந்தம் வரும்வரை திரும்பப் பெற வழியில்லை. பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்கிவரும் காலத்தில், அவற்றைக் காணவே எரிபொருளை எரித்துப் பறப்பது முறையா என்றும் கேட்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் தடை கடுமையானது என்று என் மாணவர் வாதிட்டார். எனக்கு அது தவறென்று தோன்றவில்லை. சுவிஸ் நாட்டார் இடத்தை எண்ணிக் கொடுத்திருப்பதும் பொருத்தமாகவே பட்டது. இதில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மூன்று வாரமும் இரவு உணவின்போது இதே வழக்குதான்.

நான் ஊர் திரும்பிய சில வாரங்களுக்குப் பிறகு கடிதம் வந்தது. இரண்டு நாள் திட்டம் ஐந்து நாளாகியிருந்தது. மூவரும் வால்கிரிஸான்ஷில் தங்கினார்கள். முதல் மூன்று நாளும் மேகம். நான்காம் நாள் பறந்தார்கள், இரண்டு இறக்கம். முதலாவது, வாழ்நாளில் மறக்க முடியாத இறக்கம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். இரண்டாவதற்குச் சிகரத்தில் இறங்கியதும், வழிகாட்டி வடபுறச் சரிவின் தலைப்பில் ஒரு குழி தோண்டி, அடுக்குகளைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாராம். ஒரு சுவடும் படாத அந்தச் சரிவை விட்டுவிட்டு, தாழ்ந்த முதுகு ஒன்றின் வழியாகச் சுற்றி அழைத்து வந்தாராம். கடிதத்தின் எஞ்சிய பகுதி முழுதும் அந்தச் சரிவில் இறங்க முடியவில்லையே என்ற குறைதான். ஆயினும் முடிவில், அடுத்த மாசிக்கும் அதே வழிகாட்டிக்கு எழுதிவிட்டதாகவும், அதற்கான தாளைத் தம் மனைவியாரே அஞ்சலில் சேர்த்ததாகவும் குறித்திருந்தார்.